மழைக்கு இன்னும் அரை மணி

அழகுமீனா: ...அதெல்லாம் சரி தம்பி, போன செவ்வாக்கிழமையும் போன் போட்டு இதேதான் சொன்னீக. வருது வருதுன்னீக. ஆளுக முப்பத்தெட்டுப் பேத்தையும் வேலையை நிப்பாட்டி வீட்டுக்கு அனுப்புனேன். ஒரு சொட்டு விழுந்துச்சா?

சங்கரபாண்டியன்: ஆமத்தூர்ல விழுந்துச்சுக்கா.

அழகுமீனா: அப்ப ஆமத்தூர் போர்மேன்கிட்ட சொல்லுங்க. நான் எம். புதுப்பட்டியில பட்டாசுக் கம்பெனி பாக்கேன்.

சங்கரபாண்டியன்: என் வாட்ஸ்அப் மழை குரூப்புல இருநூறு போர்மேன் இருக்காக. ஆளுக்கொரு மழையா பெய்ய வைக்க முடியும்?

அழகுமீனா: வேலை பாக்குறது அச்சாபீஸ்ல. வானத்துக்கும் உங்களுக்கும் என்னதான் தம்பி...

சங்கரபாண்டியன்: படிச்சது பிசிக்ஸு. அச்சடிக்கிறது காலண்டரு. ரெண்டுக்கும் நடுவுல இதுதான்க்கா இருக்கு.

அழகுமீனா: முதலாளி ஒண்ணு கேக்கச் சொன்னாக. தீபாவளிக்கு இன்னும் இருபது நாள். அன்னைக்கு மெட்ராஸ்ல மழையா, வெயிலா?

சங்கரபாண்டியன்: தெரியாது.

அழகுமீனா: பொசுக்குன்னு சொல்லிட்டீகளே.

சங்கரபாண்டியன்: ஒரு வாரம், மிஞ்சிப்போனா பத்து நாள். அதுக்கு மேல தேதி போட்டுச் சொல்றவன் பொய் சொல்றான். சீசன் மழை கூடுமா குறையுமான்னு வேணா மாசத்துக்கு முன்னாடியே ஒரு மாதிரி சொல்லலாம்.

அழகுமீனா: அது எப்படி? மொத்தமாத் தெரியுது, ஒரு நாள் மட்டும் தெரியலையா?

சங்கரபாண்டியன்: சரவெடி கொளுத்துனா எம்புட்டு நேரம் வெடிக்கும்னு சொல்லிருவீக. எந்தக் காகிதத் துண்டு எந்த வாசல்ல போய் விழும்னு சொல்லுவீகளா?

அழகுமீனா: ...ம். அது முடியாது.

சங்கரபாண்டியன்: இடிமேகம் அந்தத் துண்டுதான். பொறந்து ஒரு மணி நேரத்துல செத்துப்போகும். நேத்தே சொல்ல முடியாது. கண்ணுல பட்டப்புறம்தான் சொல்லலாம். இப்பம் பட்டிருக்குக்கா.

அழகுமீனா: எங்கன?

சங்கரபாண்டியன்: ஆனைக்குட்டம் அணைக்கு மேல. ஆத்தாடி... உலை பொங்குறாப்புல மேல மேல பொங்குது. அடி கறுத்துருச்சு.

அழகுமீனா: என்ன தம்பி, பங்குனிப் பொங்கலுக்குத் தேர் பாக்க வந்தவுக கணக்கா குதிக்கீக. எதுல பாத்துச் சொல்றீக?

சங்கரபாண்டியன்: எதுல... ரேடார் படத்துலதான். வேற எதுல? காத்து கிழக்க இருந்து அடிக்கி. நேரா உங்க பக்கம்தான். அரை மணியில உங்க மேல கொட்டும்.

அழகுமீனா: இங்கன வெயில் கண்ணைக் குத்துது.

சங்கரபாண்டியன்: குத்தட்டும். ஆளுகளை வெளிய அனுப்புங்க.

அழகுமீனா: முதலாளி சொல்லாம அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு. எல்லாம் உங்க செவ்வாக்கிழமையாலதான்.

சங்கரபாண்டியன்: உங்க முதலாளிக்கு இருபது நாள் கழிச்சு வர்ற மழை வேணும். அரை மணியில வர்றதைக் காதுல வாங்க மாட்டாரு. அப்படியொரு மனுஷன்.

அழகுமீனா: ...மெதுவா தம்பி.

சங்கரபாண்டியன்: என்ன மெதுவா?

அழகுமீனா: ஒண்ணுமில்ல. மேடையில நாலாயிரம் சக்கரம் காயுது. அதை அள்ளி உள்ள வச்சுட்டு அனுப்புனா அவுகளும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. எல்லாரும் கை போட்டா இருபது நிமிஷம். நீங்கதான் அரை மணின்னீகளே, பத்து நிமிஷம் மிச்சம்.

சங்கரபாண்டியன்: வேண்டாம்.

அழகுமீனா: ஏன்?

சங்கரபாண்டியன்: அரை மணிங்கிறது மழைக்குக்கா. மின்னல் மழைக்குக் காத்திருக்காது. வெயில் அடிக்கும்போதே வந்து விழும்.

அழகுமீனா: எம்புட்டு முன்னாடி?

சங்கரபாண்டியன்: பத்து நிமிஷமோ, இருபதோ. அதைச் சொல்ல உலகத்துல ஆள் இல்ல. அந்நேரம் முப்பத்தெட்டுப் பேரும் வெட்டவெளி மேடையில நிப்பாக. கையில மருந்து.

அழகுமீனா: இன்னைக்கும் வரலைன்னா?

சங்கரபாண்டியன்: என் பேரைச் சொல்லுங்க. அச்சாபீசுக்கே வந்து திட்டச் சொல்லுங்க, குரூப்பைக் கலைச்சுட்டுப் போறேன். வந்துட்டா யார் பேரைச் சொல்லுவீக?

அழகுமீனா: ...இருங்க.

சங்கரபாண்டியன்: லைன்ல இருக்கீகளா... அது என்ன மணிச் சத்தம்?

அழகுமீனா: வெளிய போகச் சொல்ற மணி. ஏ ஸ்ரீமதி, தட்டை அங்கனயே வையி. ஓடாத, நட. ஒண்ணையும் எடுக்காத...

சங்கரபாண்டியன்: மேடையில யாரு?

அழகுமீனா: சக்கரம் மட்டும்தான். முப்பத்தாறு... முப்பத்தேழு... முப்பத்தெட்டு. கேட்டுக்கு வெளிய கம்பெனி பஸ்ல ஏறிட்டாக. நானும் ஏறிட்டேன். கிழக்க ஒரு ஓரம் கறுத்து...

சங்கரபாண்டியன்: அக்கா? என்ன சத்தம் அது? அக்கா...

அழகுமீனா: விழுந்துருச்சு தம்பி. மேடையிலயே விழுந்துருச்சு. நாலாயிரம் சக்கரமும் ஒண்ணாச் சுத்துது... பகல்லயே கண்ணு கூசுது.

சங்கரபாண்டியன்: ஆளுக?

அழகுமீனா: ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. பிள்ளைக சிரிக்குதுகளா அழுகுதுகளான்னே தெரியல. ...உங்க பக்கம் என்ன, தகரத்துல கல்லெறியிறாப்புல? மெஷின் ஓடுதா?

சங்கரபாண்டியன்: மழைக்கா. நான் அச்சாபீஸ்ல இல்ல. ரேடார் படம் காலையில இருந்து தொறக்கவேயில்ல. பிரஸ் வேனை எடுத்துட்டு ஆனைக்குட்டத்துக்கு வந்துட்டேன். உள்ள உக்காந்து, கண்ணால பாத்துத்தான் அம்புட்டும் சொன்னேன். நிஜத்தைச் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டீக. உங்க முதலாளிகிட்ட மட்டும் சொல்லிறாதீக.

தங்கச்சாமி: அவ சொல்ல வேண்டியதில்ல தம்பி. முதலாளி தங்கச்சாமிதான் பேசுறேன். மொதல் வார்த்தையில இருந்து ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டுப் பக்கத்துலயேதான் இருக்கேன். மணி அடிச்சது நான்தான்.