‘உண்டு’ என்ற சொல்லோடு நின்றுவிடாத எங்கள் மேடத்துக்கு

மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவியாய் வீற்றிருந்து, இன்று மாலையோடு அந்த நாற்காலியை விட்டு எழும் எங்கள் மேடம் அவர்களே! கேள்வியையே கேள்வி கேட்ட கூர்மதியே! கணக்கில் கண்டிப்பும் கண்ணில் கனிவும் கலந்தவரே!

‘அறிவுக் கடலே, ஆற்றல் மலையே’ என்றுதான் முதலில் எழுதினோம். பிறகு பயம் வந்துவிட்டது. ‘கடலா, மலையா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க’ என்று மேடையிலேயே கேட்டுவிடுவீர்கள். ஆகவே கடலையும் மலையையும் அதனதன் இடத்திலேயே விட்டுவிட்டோம்.

பிரிண்டர் நின்றுபோனது என்று மூச்சிரைக்க ஓடி வந்தவரிடமும் ‘இது எந்த வகைக் கேள்வி? ஓடுமான்னு கேக்கறீங்களா, பேப்பர் எங்க சிக்கியிருக்குன்னு கேக்கறீங்களா?’ என்று நிதானமாய் விசாரித்த நிறைகுடமே! உங்களுக்கு ‘எந்த வகை’ என்று பெயர் வைத்தோம். அது உங்களுக்குத் தெரியாது என்றும் நம்பினோம். ஒருநாள் தொலைபேசியை எடுத்து ‘எந்த வகைதான் பேசறேன், சொல்லுங்க’ என்றீர்கள். அன்றோடு அந்த நம்பிக்கை ஒழிந்தது.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாகி அவர்கள் பொறுத்தருள்க; அந்த ‘உண்டு’ கதையைச் சொல்லாமல் இந்த மடல் நிறையாது.

ரத்தப் பரிசோதனைக்கூடத்து அக்காவின் கணவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அந்த நாள்களில் அக்காவுக்கு ஷிஃப்ட் விழுந்துகொண்டே இருந்தது. இன்னொரு மாதம் இப்படியே போனால் வேலையை விட்டுவிடுவதாக அவர் சொல்லிவிட்டார். நிர்வாகி உங்கள் அறைக்கு வந்தார். ‘அக்காவுக்கு அந்த நாள்ல ஷிஃப்ட் விழாம, மத்தவங்களுக்கும் நைட் டியூட்டி அடுத்தடுத்து வராம, டியூட்டி சார்ட் போட வழி உண்டா? விளக்கமெல்லாம் வேண்டாம் மேடம், ஒரே வார்த்தை போதும்.’

கணினி முனகியது, யோசித்தது, ‘உண்டு’ என்று ஒரு தாளில் அச்சடித்துத் தந்தது. நீங்கள் வாய் திறப்பதற்குள் அவர் அந்தத் தாளோடு பறந்துவிட்டார். வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ‘உண்டு’ தொங்கியது. பிரச்சினை தீர்ந்ததென அவர் உரையாற்றினார், நாங்களும் கைதட்டினோம். திங்கட்கிழமை விடிந்தபோதுதான், யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று எவருக்கும் தெரியாதது தெரிந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று எல்லோரும் காலை ஷிஃப்ட்டுக்கே வந்து நின்றோம். கணவரை டயாலிசிஸுக்குத் தனியே ஆட்டோவில் அனுப்பிவிட்டு அக்காவும் நின்றார்.

அன்று நீங்கள் கோபிக்கவில்லை. ‘சாவி வீட்டுக்குள்ளதான் இருக்குன்னு தெரியறது ஒரு வகை சார். எந்த டப்பாவுல இருக்குன்னு தேடி எடுக்கறது இன்னொரு வகை. மொத்தம் எத்தனை சாவின்னு எண்றது வேற. அதுல எது ரொம்ப நல்ல சாவின்னு கேக்கறது அதுக்கும் மேல. நீங்க முதல் கேள்வியைக் கேட்டுட்டு, கதவே திறந்துட்டதா கைதட்டிட்டீங்க’ என்றீர்கள்.

பிறகு தேடல் தொடங்கியது. ஒரு சார்ட் வரும். அக்கா விரலால் ஓட்டிப் பார்த்து, ‘மேடம், புதன்கிழமை மறுபடியும் என் தலையில விழுந்திருக்கு’ என்பார். அவருக்குச் சரிபார்க்க ஒரு டீ ஆறும் நேரம் போதும். கணினிக்குக் கண்டுபிடிக்கப் பகல் முழுக்க வேண்டும். விடையைச் சட்டென்று சரிபார்க்க முடிகிற கேள்விகளுக்கெல்லாம், விடையைச் சட்டென்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறதா என்பது இன்றுவரை உலகில் யாருக்கும் தெரியாது என்று நீங்கள் சொன்னபோது, நாங்கள் டீயை மறந்து வாய்பிளந்தோம். ‘யாருக்குமே தெரியாதா? நம்ம நிர்வாகிகிட்ட கேளுங்க, ஒரே வார்த்தையில சொல்லிடுவார்’ என்றார் காசாளர்.

ஒருவழியாய் ஒரு சார்ட் தேறியது. உடனே, ‘இதைவிடச் சிறந்தது இருக்குமே’ என்றார் நிர்வாகி. ‘யாருக்குச் சிறந்தது சார்?’ என்றீர்கள். அவர் இன்னும் யோசிக்கிறார். கணினி, போடக்கூடிய சார்ட்டையெல்லாம் ஒப்பிட்டு அவருக்காகச் சிறந்ததைத் தேடிக்கொண்டிருக்க, நாங்கள் கிடைத்ததை வைத்துக்கொண்டு நோயாளிகளைக் கவனித்தோம். அக்கா வேலையை விடவில்லை.

இனி மாதந்தோறும் அந்தச் சார்ட்டை யார் போடுவது? ‘மேடத்துக்குப் பதில் ஆள் உண்டு’ என்று சென்ற மாதம் அறிவிப்பு வந்தது. அந்தச் சொல்லால் ஏற்கெனவே சூடுபட்டவர்கள் நாங்கள். நேரே உங்களிடம் வந்து, ‘இருக்காங்கன்னு சொல்லாதீங்க மேடம், ஆளைக் காட்டுங்க’ என்றோம். நீங்கள் அக்காவைக் காட்டினீர்கள்.

‘ஐயோ, எனக்குக் குத்தம் கண்டுபிடிக்கத்தான் தெரியும் மேடம்!’

‘பாதி வேலை அதுதாம்மா. மீதிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரு.’

கேட்கத் தெரிந்த கேண்மையே! நோயின்றி, நொடியின்றி, நிறைவாய் நெடுங்காலம் வாழ்க! எத்தனை ஆண்டு என்று நாங்கள் எண்ணப் போவதில்லை. அது வேறு வகைக் கேள்வி.

ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாராட்டு விழாவில், உங்கள் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. இன்று டயாலிசிஸ் நாள். அக்கா தன் கையால் போட்ட முதல் சார்ட்டில், இன்று அவருக்கு விடுப்பு.

அன்பில் குறையாத,
மருத்துவமனைப் பணியாளர்கள்
(காலை, மாலை, இரவு ஆகிய மூன்று ஷிஃப்ட்டினரும்)