தொண்ணூற்று நான்கு விழுக்காடு

மின்தூக்கியின் பொத்தானை ஒரே முறை அழுத்திவிட்டு அமைதியாக நிற்கும் மனிதரை நான் கண்டதில்லை. விசாரணை அதிகாரியான நீங்களே இன்று காலை மூன்று முறை அழுத்தினீர்கள், ஐயா. காத்திருப்பு யாரையும் வருத்துவதில்லை. எதுவும் நகரவில்லை என்ற எண்ணமே வருத்துகிறது. அந்த எண்ணத்தைத் துடைப்பதுதான் என் தொழில்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்தவர்கள், மருத்துவமனைச் செயலியில் வட்டமொன்று சும்மா சுழல்வதைப் பார்த்து நொந்து, தொலைபேசியில் எங்களைத் துளைத்தெடுத்தார்கள். வட்டத்தை நீக்கிவிட்டுப் பச்சைக் கோடொன்றை வைத்தேன். தொடக்கத்தில் விறுவிறுவென ஓடும், பிறகு நிதானிக்கும். அதன்மேல் மெல்லிய அலைகளைப் பின்னோக்கி ஓடவிட்டால், கோடு முன்னோக்கி விரைவதாகக் கண் நம்பிவிடும். ஆமையின் முதுகில் முயலை வரைந்தால் போதும். கோட்டுக்கும் வரிசைக்கும் தொடர்பே இல்லை என்பது உண்மைதான். ஆனால் புகார்கள் பாதியாகக் குறைந்தன. எனக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

அந்த வரிசையில் என் அக்காவும் இருந்தாள். என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தும் என்ற பரிசோதனை முடிவை அத்தான்தான் கொண்டுவந்தார்.

“மாப்பிள்ளை, கட்டாயப்படுத்தல. யோசிச்சுச் சொல்லுங்க.”

“சும்மா இருங்க. என் தம்பி வயித்தக் கிழிக்கணுமா? இங்க பாருங்க, பச்சைக் கோடு எழுபத்தொண்ணு ஆயிடுச்சு. போன மாசம் அறுபத்தாறு. இன்னும் கொஞ்ச நாள்தானேடா?” என்றாள் அக்கா.

“கொஞ்ச நாள்தான்க்கா.”

மெய்யான வரிசையில் அவளுக்கு முன்னால் இருநூறு பேர் இருந்தார்கள். நோயாளியிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்றவர்களின் கோடுகளைக் கணினி நகர்த்தியது. அவளுடையதை மட்டும் அன்றுமுதல் நானே நகர்த்தினேன். அத்தான் என் சிறுநீரகப் பேச்சை எடுத்த வாரங்களில் இரண்டு விழுக்காடு. வாய்திறக்காத வாரங்களில் ஒன்று. அவள் முகம் வீங்க வீங்கக் கோடும் வளர்ந்தது. தொண்ணூறில் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று மாலையே தொண்ணூற்றிரண்டாக்கினேன். “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?” என்று அக்கா அவரைக் கேலி செய்தாள். தொண்ணூற்று நான்கில் இறந்துபோனாள்.

பதினான்கு மாதம் காத்திருந்தாள் என்கிறது உங்கள் கோப்பு. அவளைக் கேட்டிருந்தால் நான்கைந்து மாதம் என்றுதான் சொல்லியிருப்பாள். உடன்பிறந்தவன் இதைவிட வேறென்ன கொடுத்திருக்க முடியும், ஐயா?