விட்டுப்போன பாடு

வேணாண்ணா, நின்னுக்கறேன். நீங்க வலைய பாருங்க, நான் இப்டியே சொல்லிடறேன். ஆமா, லிஸ்ட்ல உங்க பாடு ஏன் விட்டுப்போச்சுன்னுதான் சொல்ல வந்தேன்.

இல்லண்ணா, ஆபீஸ் வேலையெல்லாம் இன்னா வேலை. வேலையே இல்ல. சென்னை கம்பெனிக்கு வூட்லருந்தே வேலை செய்றேன்னு எங்கம்மா தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்குது. நான் எட்டு மாசமா சொம்மா கத்துக்குனுதான் இருக்கேன். சின்னதா ஒரு கம்ப்யூட்டர் பாஷை நானே செஞ்சேன். எதுக்கா? எதுக்கும் இல்ல. பெரிய பாஷைங்க எவ்ளோவோ இருக்குது. அது உள்ள எப்டி ஓடுதுனு தெரியணும்னா நாமளே ஒண்ணு செஞ்சு பாக்கணும். நான் தமிழ்ல ஒரு வரி எழுதுவேன். என் ப்ரோகிராம் அத படிச்சுப் புரிஞ்சுக்குனு, சொன்னத செய்யும். இன்டர்ப்ரெட்டர்னு பேரு. ஆங், அவ்ளோதான்.

அப்பதான் நம்ம தலைவரு, ஜெகதீஸ்வரன் மாமா, பாடு லிஸ்ட்ட கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுடா, படிச்ச புள்ள போட்டா எவனும் சண்டைக்கு வரமாட்டான்னாரு. டைப் அடிச்சிருந்தா அரை மணி நேரம். நான் என் பாஷையில ஓட்டிக் காமிக்கணும்னு ஆசைப்பட்டேன். முகத்துவாரத்துல எந்த வூட்டுக்கு எந்த நாளு பாடு, யாரு என்னிக்கு வலை கட்டணும், எல்லாம் எழுதனேன். சாவு வூடுன்னா கருமாதி வரிக்கும் எறங்கக் கூடாது, அந்தப் பாட்ட எடுத்து வெச்சு அப்புறம் குடுக்கணும். அதையும் எழுதனேன். உங்க நைனாவ நெனச்சுக்குனுதான் எழுதனேன்.

அந்த வரி சரிதாண்ணா. அத படிக்கற என் இன்டர்ப்ரெட்டர்தான் தப்பு. இப்டி இருந்தா இத செய்னு ஒரு கட்டம் வரும். அதுக்குள்ள எழுதி வெச்சத, வெளிய வந்ததும் அது மறந்துடுது. உங்க பாட்ட உள்ள எடுத்து வெச்சுது, வெளிய வந்து மறந்துடுச்சு. இறால் நல்லா படற நாளு, போச்சு.

எடுத்து வெச்ச பாடு எங்கன்னு கூட்டத்துல நீங்க கேட்டீங்க. சாவு வூட்டு முறையெல்லாம் சேத்தாச்சுனு நான் மாமாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். அதான் உங்க வழக்கமான பாட்ட காட்டி, தோ இருக்குதேன்னாங்க. கம்ப்யூட்டருக்கு உன் மேல இன்னா காண்டு, நைனா செத்தத வெச்சு ரெண்டு பாடு பாக்கறியான்னு சுபாஷ் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க துண்ட ஒதறிக்குனு போயிட்டீங்க.

மாமாகிட்ட சொல்லிட்டேண்ணா. மெஷின் தப்புன்னு சொன்னேன். அடுத்த சுத்துல மொதப் பாடு உங்களுதுன்னாரு.

ஐயோ, அப்டி சொல்லாதீங்கண்ணா. சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான்னு நீங்க சொல்லக் கூடாது. அதுக்குத்தான் உக்காராம நிக்கறேன்.

கூட்டத்தன்னிக்குக் காலையிலயே பாத்தேண்ணா. லிஸ்ட்ல உங்க பேரு ரெண்டு எடத்துல வரணும். ஒரு எடத்துலதான் இருந்துச்சு. கையால எழுதிச் சேத்திருந்தா ஒரு நிமிஷம். ஆனா நான் செஞ்ச பாஷை வேலைக்கு ஆவலன்னு ஆயிடும்ல. அப்ப மாமா வாசல்லருந்து குரல் குடுத்தாரு, முடிஞ்சுதாடான்னு.

முடிஞ்சுது மாமான்னேன்.