உலக வானிலையில் ஏழாவது ஊர்

அக்கா: ...இன்னிக்காவது சிரிக்காம வாசி தம்பி. போன வாரம் ரேடியோ வானிலை அறிக்கையில வனத்துறை அமைச்சர் பேர்ல ஊர் வந்ததும் மைக்லயே களுக்குனு சிரிச்சுட்ட.

வாசிப்பாளர்: சிரிப்பு வராம? மனுஷன் இங்க நூத்திப்பத்து கிலோ. அங்க அவர் பேர்ல பனிக்குள்ள பன்னெண்டு வீடு, ஒரு தபாலாபீசு!

அக்கா: ரயில் அமைச்சர் மட்டும் என்ன? அவர் பேர்ல இருக்கறது நண்டு புடிக்கிற துறைமுகம்.

வாசிப்பாளர்: ம்... நாம வாசிச்ச அன்னிக்கு சாயங்காலம் ரெண்டு பேரையும் கைது பண்ணப் போனாங்க. ரெண்டு வீடும் காலி.

அக்கா: தற்செயல்.

வாசிப்பாளர்: ரெண்டு தடவையுமா?

அக்கா: உலகத்துல லட்சக்கணக்குல ஊர் இருக்கு. தேடினா உன் பேர்லயும் ஒண்ணு கிடைக்கும். அதோட அமைச்சருங்க பேர்ல ஊர் தேடற இந்த விளையாட்டை ஆரம்பிச்சதே நீதான்!

வாசிப்பாளர்: நான் விளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். இப்ப பட்டியல் எழுதறது நீங்க. கைது உத்தரவெல்லாம் டைப் அடிக்கறது உங்க அண்ணன்...

அக்கா: மெதுவா பேசு! ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கற ரெண்டு பேரும் யாரு?

வாசிப்பாளர்: மைக் ரிப்பேருக்கு... வந்திருக்காங்களாம்.

அக்கா: ரிப்பேருக்கு வர்றவன் பளபளன்னு ஷூ போட்டுக்கிட்டா வருவான்? கையில அட்லஸ் எதுக்கு?

வாசிப்பாளர்: அவங்களைப் பாக்காதீங்கக்கா.

அக்கா: உனக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது? பயமா இருக்கா?

வாசிப்பாளர்: ஒரு மணியாக இன்னும் ரெண்டு நிமிஷந்தான். எப்பவும்போல ஏழாவதா வெச்சிருக்கற ஊரைப் பட்டியல்லேர்ந்து அடிச்சுடுங்க. இந்த ஒரு தடவை... என் பேச்சைக் கேளுங்க.

அக்கா: முதல்ல அதைப் படி.

வாசிப்பாளர்: ...அக்கா, இது... என் மாமனார் பேரு.

அக்கா: காலைல அண்ணன் அடிச்ச உத்தரவு. நாலு மணிக்கு உங்க மாமனார் வீட்டுக்கு வர்றாங்க. துணை அமைச்சர்னா மட்டும் விட்டுடுவாங்களா? உள்ள போனவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் திரும்பி வரல. உன் பொண்டாட்டி, பிள்ளைங்க எல்லாம் அங்கதானே இருக்காங்க?

வாசிப்பாளர்: ஆமா... ஆமாக்கா... போன் பண்ணட்டுமா?

அக்கா: பைத்தியமா? போனெல்லாம் ஒட்டுக் கேக்கறாங்க. தன் பேர்ல ஊர் வந்தா உடனே கிளம்பணும்னு அண்ணன் எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லி வெச்சிருக்கான். உங்க மாமனார் இப்ப ரேடியோ பக்கத்துலதான் இருப்பார். நீ வாசிச்சா மட்டும் போதும்.

வாசிப்பாளர்: வாசிச்சா உங்களை...

அக்கா: என்னைப் புடிச்சா புடிக்கட்டும். எனக்கும் பயமாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா உன் சின்னப் பொண்ணை இந்தக் கையால தூக்கியிருக்கேன் தம்பி... முப்பது செகண்டுதான் இருக்கு. தண்ணி குடி. ஏன்டா அழற?

வாசிப்பாளர்: பயந்துட்டேன்கா... நேத்தே இவங்ககிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க கையில இருக்கற அட்லஸ்... நான் குடுத்தது.