குச்சியில் மூன்று குஞ்சுகள்

எனக்குப் படம் எடுக்க வராது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், ரேஞ்சர் ஐயா. இல்லாவிட்டால் வெளியே உட்கார்ந்திருக்கும் பல் டாக்டர் வந்து சொல்லிவிடுவார். பதினோரு வருடமாக ஞாயிறு தவறாமல் ஏரிக்கரைக்குப் போகிறேன். கொக்கை எடுத்தால், கொக்கு பறந்த பிறகு தண்ணீரில் வரும் வளையம் விழும். மானை எடுத்தால் பின்பக்கம். ஒருமுறை நரி என்று நான் காட்டிய படம், பெரிதாக்கிப் பார்த்தபோது தபால்காரரின் பையாக இருந்தது. சைக்கிளும் தெரிந்தது.

எங்கள் இயற்கை ஆர்வலர் சங்கத்தின் ஆண்டுவிழாவில் கடைசிப் படம் எப்போதும் என்னுடையதுதான். செயலாளர் பல் டாக்டர் மைக்கைப் பிடித்து, “அடுத்து நம்ம வால் நிபுணர்” என்பார். “சார், இது பறவையா, இல்ல பறவை இருந்த இடமா?” கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும். முன்வரிசையில் என் மனைவி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து, “தமாஷுக்குத்தானே சொல்றாங்க, அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்களா?” என்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவன்தான். உள்ளே எரிந்தது. அதை இன்றுதான் சொல்கிறேன்.

இந்த வருடம் கரையோர மரத்தில் ஈப்பிடிப்பான் ஜோடி ஒன்று கூடு கட்டியது. ஆணுக்கு நீண்ட வெள்ளை வால் உள்ள பறவை, ஒன்பது வருடமாக இந்தப் பக்கம் கூடு கட்டாதது. மூன்று குஞ்சுகள். கேமராக்காரர்கள் மொய்த்தால் தாய் கூட்டைக் கைவிட்டுவிடும். ஆகவே குஞ்சுகள் பறக்கும்வரை ஐம்பதடிக்குள் யாரும் போகக்கூடாது, காவலுக்கு ஒரே ஆள் என்று சங்கம் முடிவு செய்தது. எல்லாருக்கும் ஆசை, ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. பல் டாக்டர் என்னைக் காட்டினார். “இவர உக்கார வைங்க. இவர் படமே எடுத்தாலும் கூடு எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது.” கைதட்டி ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று இப்போது உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேலியை நட்டது யார் என்றும் கேளுங்கள்.

முதல் இரண்டு நாள் கிட்டேகூடப் போகவில்லை. மூன்றாம் நாள் இலைகளை ஒதுக்கினேன். நான்காம் நாள் கூட்டை மறைத்த கிளையை வெட்டினேன். அப்போதும் தாய் வந்து ஊட்டிவிட்டுப் போவது கண் இமைக்கும் நேரம்தான். எனக்கு விழுந்ததெல்லாம் பழுப்புக் கோடு. குழிந்த கூடு, குஞ்சுகள் உள்ளே ஒடுங்கியிருந்தன. ஐந்தாம் நாள் காலையில் அவற்றை வெளியே எடுத்து, வெயில் படும் குச்சியில் வரிசையாக உட்கார வைத்தேன். இறகு அரைகுறையாக முளைத்த வயசு, நிற்கத் தெரியாமல் சரிந்தன. விழுந்தால் பாவம் அல்லவா? பையில் செருப்பு ஒட்டுகிற பசை இருந்தது. காலுக்கு ஒரு சொட்டு வைத்தேன். அவற்றின் பாதுகாப்புக்காகத்தான்.

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? தாய் வந்தது.

குஞ்சுகளைப் பாம்பு கொண்டுபோய்விட்டது என்று சங்கத்தில் சொன்னேன். நம்பினார்கள், ஆறுதலும் சொன்னார்கள். கூட்டைவிட்டு வெளியே வந்த முதல் நாள் தூரத்திலிருந்து எடுத்தது என்று படத்தைக் கொடுத்தேன். ‘தாய்மை’ என்று தலைப்பு. அது திரையில் வந்தபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களா எடுத்தீங்க?” என்றாள். அந்த ஒரு கேள்விக்காக இன்னொரு மரம் ஏறச் சொன்னாலும் ஏறுவேன்.

பல் டாக்டர் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கச் சொன்னார், சங்கத்துச் சுவரில் மாட்ட. குஞ்சின் நகத்துக்கு அடியில் பசை நூலாக இழுத்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். ஒட்டுவதும் அடைப்பதும் அவர் தொழில். அன்றிலிருந்து மனைவி என்னோடு பேசவில்லை. பேசுவாள்.

ஏன் பிய்த்தெடுக்கவில்லை என்று கேட்டீர்கள். பிய்த்தால் கால் கையோடு வந்துவிடும். அப்படியொரு கொடுமை என்னால் செய்ய முடியாது, ஐயா.

தாய் எப்படி அவ்வளவு நேரம் நின்றது என்று கடைசியாகக் கேட்டதற்கும் ஒளிக்காமல் சொல்கிறேன். படத்தில் மூன்று வாயும் திறந்திருக்கின்றன. நடுவில் இருப்பது மட்டும்தான் பசியில் திறந்தது. இரண்டு பக்கமும் இருப்பவை உச்சிவெயிலில் வாயைத் திறந்தபடியே செத்துவிட்டவை. தாய்க்கு அது விளங்கவில்லை. மாறி மாறி அந்த வாய்களில் பூச்சியை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றது. அதனால்தான் எனக்கு அவகாசம் கிடைத்தது. நன்றாகப் பாருங்கள், நடுக்குஞ்சு கொஞ்சம் மங்கல். மற்ற இரண்டும் துல்லியமாக விழுந்திருக்கின்றன. அசையாமல் இருந்தால் எனக்கும் எடுக்க வரும் என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். யாராவது காதில் வாங்கினார்களா?