எதிர்க்கடைக்காரியின் சங்கம்

வேலூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஆம்பூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் பெரியவள் திடீரென்று சத்தமாகச் சொன்னாள்: "அந்தச் சங்கத்தோட சரித்திரம் எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு ரேவதிக்குத் தெரியாதுடீ."

ஷூ கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த சின்னவள் கேட்டாள்: "எந்தச் சங்கம்க்கா?"

"உலகம் பூரா இருக்கிற பியூட்டிஷியனுங்களுக்கு ஒரு சங்கம் இருக்குது. எதிர்க்கடை ரேவதி அதுல மெம்பர் ஆய்ட்டாளாம். சர்டிபிகேட்ட மாட்டி, சுத்தி சீரியல் லைட்டு வேற போட்டிருக்கா."

"அதோட சரித்திரம் உனக்கு எப்டி தெரியும்?"

"கஸ்டமருங்க எல்லாம் அவகிட்ட போய்ட்டாங்க. எனக்கு வேற இன்னா வேல? போன்ல படிச்சேன்."

"இன்னா போட்டிருந்தது?"

"அந்தக் காலத்துல ஃபேஷியல் பண்றவங்கள டாக்டருங்களும் மதிக்கல, முடி வெட்றவங்களும் சேத்துக்கல. அதனால மூஞ்சி குடுத்துப் பேசாத போட்டிக் கடைக்காரங்களே ஒண்ணா உக்காந்து ஆரம்பிச்சாங்களாம். அப்புறம்தான் நாடு நாடா பரவிச்சாம். இதெல்லாம் அவளுக்குத் தெரியுமா? மெம்பர் ஆவறதுக்கு வெச்ச பரீட்சைய மட்டும் எப்டியோ பாஸ் பண்ணிட்டா."

"நீயும் எழுதியிருக்கலாமேக்கா?"

"எழுதினேன்."

பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. பிறகு சின்னவள் மெதுவாகச் சமாதானம் செய்தாள்: "உன் புருவம் எவ்ளோ அழகா இருக்குது! நீயே எடுத்துக்கிறியாக்கா?"

"நூலப் பல்லுல கடிச்சிக்கினு சொந்தப் புருவத்த எப்டிடீ எடுக்கிறது?"

"அப்போ யாரு எடுத்தா?"

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவதான். இன்னா பண்றது, பாவிக்கு கை அப்டி இருக்குது."