தொண்ணூற்றொன்பது இசைத்தட்டுகள்

– ஐயா, சுத்தியலைக் கீழ வைங்க. கையைப் புடிச்சிடுவேன்.

– தள்ளி நில்லு சுடர்விழி. சில்லு தெறிக்குது, கண்ணுல பட்டுடும்.

– அது உங்க இசை. நீங்களே கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு.

– அதான் நானே ஒடைக்கிறேன். என் வூட்டுத் தொவைக்கிற கல்லு, என் சுத்தியலு. அவ்ளோதான்.

– எத்தினி ஒடைச்சீங்க?

– தொண்ணூத்தஞ்சு. கை மரத்துப் போச்சு. அந்தச் சொம்புல கொஞ்சம் தண்ணி எடு.

– ஒடைக்கிறவருக்குத் தண்ணி குடுக்க நான் வரல.

– சரி, நானே எடுத்துக்கிறேன்.

– கூரியர்காரர் சொன்னப்ப நான் நம்பல. ஒரு ஆர்டர் வீராம்பட்டினம் கலியபெருமாளு, இன்னொண்ணு வில்லியனூர் நாராயணசாமி. எல்லாரும் போன் பண்ணி, கருவடிக்குப்பத்துல இந்த வூட்டுக்கே கொண்டாரச் சொல்றாங்களாம். எல்லாம் ஒரே கொரலாம்.

– கூடவே ஒரே இருமலு. கண்டுபுடிச்சிட்டான்.

– சிரிக்காதீங்க ஐயா. நாலே நாள்ல நூறும் வித்துப்போச்சுன்னு அன்னிக்கு நான் அழுதேன். நூறு பேருக்கு ஆதிமூலம்னா யாருன்னு தெரியுதுன்னு நெனச்சேன்.

– நான் இசை போட்டது ஒரே படத்துக்கு பாப்பா. ஒரு வாரம் ஓடல. என்னை யாருக்குத் தெரியும்?

– அதுக்காகத்தானே பழைய படத்து இசையை ரெக்கார்டாப் போட்டு விக்கிற இந்த வேலைக்கே வந்தேன். பாட்டுன்னா ஊரே தேடுது. சீனுக்குப் பின்னாடி வருதே, அந்த இசையை யாரு தேடுறா? மூணு வருஷம் அலைஞ்சு உங்க படத்து ஒலி நாடாவைப் புடிச்சேன்.

– புடிச்சிருக்கக் கூடாது. அழிஞ்சு போயிடுச்சுன்னுதான் இத்தினி வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்.

– இப்ப நெசமாவே அழிஞ்சுபோச்சு. ஒரு தடவதான் ஓடுச்சு, அப்புறம் தொட்டா மாவா உதிருது. கம்ப்யூட்டர்ல இருந்ததையும் அழிச்சிட்டேன். நூறே நூறுதான், இனி எப்பவும் வராதுன்னு அட்டையிலயே போட்டு வித்தேனே.

– நல்ல வேலை பண்ணின.

– ஏன்யா இப்படிப் பண்றீங்க?

– சுருதி சேரல. கேக்கவே கூசுது. அவ்ளோதான்.

– பொய். கையெழுத்துப் போடும்போது சிரிச்சிட்டே போட்டீங்க.

– அப்ப நான் கேக்கல. கடைசியா வர்ற டேக்கு ஒரு சீனுக்குப் போட்டது. அந்த சீனையே படத்துல வெட்டிட்டாங்க. நீ அதையும் சேத்திருப்பேன்னு எனக்கெங்க தெரியும்? சாம்பிளுன்னு நீ தனியாக் குடுத்த ரெக்கார்டை வூட்டுக்குக் கொண்டாந்து போட்டப்பதான் தெரிஞ்சுது. அதை அன்னிக்கே ஒடைச்சிட்டேன்.

– உடனே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

– ஏன்னு கேப்பியே.

– இப்பவும் கேக்குறேன்.

– தள்ளு. இன்னும் நாலு இருக்கு.

– ஒண்ணே ஒண்ணை விட்டுடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்.

– விழாத. கீழ பூரா சில்லு.

– ஐயா…

– தொண்ணூத்தொம்பது. தீந்துது. ஒண்ணு கொறையுது. நூறாவது உங்கிட்டதானே இருக்கு? குடுத்துடு.

– எங்கிட்ட இல்ல.

– பையைத் தொற.

– பாத்துக்குங்க, இல்ல. நூறு ஆர்டர்ல ஒண்ணே ஒண்ணுதான் நெசம். அதை நானே காலையில கொண்டுபோய்க் குடுத்துட்டேன்.

– யாருக்கு?

– முதலியார்பேட்டை. அஞ்சலாட்சின்னு ஒரு அம்மா. உங்களுக்கு கிளாரினெட் வாசிச்ச பக்கிரியோட சம்சாரம். விளம்பரத்துல வந்த அட்டைப் படத்துல அவரு பேரைப் பாத்துட்டு யாரோ சொல்லியிருக்காங்க. ஏன் உக்காந்துட்டீங்க? சில்லு குத்தும்யா.

– அவகிட்ட ரெக்கார்டு போடுற பெட்டி இருக்காது.

– நான் எடுத்துட்டுப் போனேன். எல்லாத்தையும் வுட்டுட்டு, கிளாரினெட் தனியா வர்றதைப் போடும்மான்னாங்க. ரெண்டாம் பக்கம், கடைசி.

– போட்டியா?

– மூணு தடவ. அந்த ஸ்வரம் நீண்டுட்டே போயி, பாதியில சட்டுனு நிக்குமே, அங்க கண்ணை மூடிக்கிட்டாங்க. அவரு வேலை பாத்த மில்லோட பேண்டுல வாசிக்கும்போது கேட்டதாம், அதுக்கப்புறம் இன்னிக்குத்தானாம். ஒரு ஆளாவது நெசமாக் கேட்டாங்களேன்னு இருந்துச்சு எனக்கு. அதைச் சொல்லலாம்னுதான் ஓடியாந்தேன்.

– பக்கிரி எப்படிச் செத்தான்னு ஏதாவது சொன்னாளா?

– மெட்ராஸ்ல ரெக்கார்டிங் முடிஞ்சு திரும்பறப்ப, திண்டிவனத்துக்கிட்ட, வேன்லயே உசுரு போயிடுச்சுன்னாங்க. நீங்கதான் மடியில போட்டுக் கொண்டாந்தீங்களாம். இன்னிக்கும் உங்க பேரைச் சொன்னா கையெடுத்துக் கும்பிடுறாங்க.

– வேன்ல ஏத்தும்போதே ஒடம்பு சில்லுனு இருந்துச்சு பாப்பா.

– என்னய்யா சொல்றீங்க?

– நெஞ்சு வலிக்குதுண்ணேன்னான். இன்னும் ஒரே ஒரு டேக்கு, வாசின்னேன். நீ சொன்ன எடத்துல ஸ்வரத்தை நான் நிறுத்தல. அவன்தான் நின்னுட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்துகிட்டு, நான் டேக் ஓகேன்னு சொன்னேன்.